காது திருகிய பூ

மருமகளாக வரப்போகிற மரினால்வா லேஸைச் சர்க்கரைத் தாளில் பொதிந்து கொண்டுவந்து மேசைமேல் வைத்தாள். சுல்மீரா முதலில் பார்த்தது லேஸை அல்ல, அதை வைத்த கையைத்தான். சிப்பி அறுத்த கை. விரல் நுனியெல்லாம் கீறல், ஆறினதும் ஆறாததுமாக. நகக்கண்ணில் காயல் சேற்றின் கறுப்பு. பிறகு தாளைப் பிரித்தாள். உள்ளே வெள்ளைவெளேரென்று மாடக்கரை, சுரூப மாடத்தின் விளிம்புக்கான லேஸ். ஐந்து இதழ்ப் பூக்கள் வரிசையாக, பூவுக்குப் பூ வளைந்த பாலம், ஓரமெல்லாம் காது என்று சொல்கிற சின்ன நூல் கண்ணிகள். அந்தக் கையையும் இந்த லேஸையும் மாறி மாறிப் பார்த்தபோதே சந்தேகம் அவள் வயிற்றில் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டது.

"நீ போட்டதாட்டி?" என்றாள்.

"எப்படி இருக்கு அத்தை?" என்றாள் அந்தப் பெண். கேட்டதற்கு அது பதிலா? சுல்மீராவுக்கு அதுவே போதுமாக இருந்தது. காப்பி கொடுத்து அனுப்பிவைத்தாள். சீனி ஒரு கரண்டி குறைத்துத்தான் போட்டாள்.

காயல்கரைக் கம்போவாவில் எந்த வீட்டிலும் முன்னறைச் சுவரில் ஒரு மாடம் இருக்கும். அதில் மீன்காரர்களின் காவலரான இராயப்பர் சுரூபம் நிற்கும். மாடத்தின் விளிம்பில் தொங்குகிற லேஸ் அந்த வீட்டு மருமகள் கொண்டுவந்தது. கலியாணத்துக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை ஊர்ப் பெண்கள் கூடுவார்கள். மாமியார் லேஸைக் கையில் எடுத்து, "இது யார் கை?" என்று கேட்பாள். பெண் சுரூபத்தைப் பார்த்து, "என் கை" என்பாள். உடனே மாமியார் தன் ஓடத்தை எடுத்து, கடைசிப் பூவைத் தானே போட்டு இணைப்பாள். அந்தப் பூ விழுந்தால் கலியாணம், விழாவிட்டால் இல்லை. அப்படி நின்றுபோன கலியாணம் ஒன்று உண்டு. அந்தப் பெண் மசெயோ பட்டணத்துக்கு வீட்டு வேலைக்குப் போனவள், தாய் சாவுக்குக்கூட ஊர்ப்பக்கம் வரவில்லை.

ஓடம் என்றால் தோணி இல்லை. உள்ளங்கைக்குள் அடங்கும், நடுவில் நூல் சுற்றிய சின்னக் கட்டை, இரண்டு முனையும் கூர். இடது கையில் நூலை வளைத்து, வலது கையால் ஓடத்தை மேலும் கீழும் விட்டு முடிச்சுப் போடவேண்டும். முடிச்சுகள் சேர்ந்ததும் இழுத்தால் வளையம் மூடிக்கொள்ளும். மூடினால் மூடினதுதான், தப்பென்றால் கத்தரிதான் வழி. ஊரில் வாயை விட்டு மாட்டிக்கொண்டவனைப் பார்த்தும் அதையே சொல்வார்கள், 'மூடின வளையம் திறக்காது' என்று. ஆண்கள் வலை முடிவார்கள், பெண்கள் லேஸ் போடுவார்கள். இரண்டும் முடிச்சுதான். ஆனாலும் வலையூசி அவனுக்கு, ஓடம் இவளுக்கு. மாற்றிப் பிடித்தால் தெய்வம் ஒன்றும் கோபிக்காது, ஊர் சிரிக்கும். கம்போவாவில் சிரிப்புக்குப் பயப்படுகிற அளவு யாரும் காயல் சுழிக்குப் பயந்ததில்லை.

சுல்மீரா சும்மா சந்தேகப்படுகிறவள் இல்லை, காரணத்தோடு சந்தேகப்படுகிறவள். அவள் புருஷன் சாவ் பாவ்லோவுக்குக் கட்டட வேலைக்குப் போகிறேன், மூன்று மாதத்தில் பணத்தோடு வருகிறேன் என்று சொல்லிப் பஸ் ஏறினான். நம்பி, வழிக்குப் பொரித்த மீனும் கட்டிக்கொடுத்தாள். ஆள் போனது போனதுதான். அதற்குப் பிறகு பால்காரன் பாலில் தண்ணீர் இல்லை என்றாலும் விரலை விட்டுப் பார்ப்பாள். ஒரே மகன் ஜெனிவாலை அந்தக் கண்ணாலேயே வளர்த்தாள். அவன் போய்ப் பிடித்தது காயலுக்கு அக்கரையில், சுருரு என்கிற சிப்பி அவிக்கிற கொட்டகையில், சேற்றில் மூழ்கிச் சிப்பி அள்ளி, அவித்து, உரித்து விற்கிற கூட்டத்தில் ஒரு பெண்ணை. தாயில்லாத பெண். ஓடம் பிடிக்க அவளுக்கு யார் கற்றுக்கொடுத்திருப்பார்கள்? கேள்வி நியாயமான கேள்விதான், நானும் சொல்வேன்.

லேஸைத் தடவிப் பார்த்தாள். மரவள்ளிக் கஞ்சி போட்டு, சூடாகத் தேய்த்து, பலகைபோல விறைப்பாக இருந்தது. சந்தைக்குப் போகிற சரக்குக்கு இப்படித்தான் கஞ்சி போடுவார்கள். விலைக்கு வாங்கினது என்று முடிவு கட்டிவிட்டாள். இனி விற்றவளைக் கண்டுபிடிக்க வேண்டியதுதான் பாக்கி.

மழைக்காலம் வேறு. ஆற்று வெள்ளம் காயலில் இறங்கி உப்பு செத்துப்போனால் சுருரு வாயைப் பிளந்து செத்துவிடும், மீனும் கடலைப் பார்த்து ஓடும். ஆண்கள் வீட்டோடு கிடந்து வலையைத் தைத்துக்கொண்டும் பெண்டாட்டியோடு சண்டை போட்டுக்கொண்டும் இருந்தார்கள். அந்த மழையில் சேலைத்தலைப்பு மாதிரி ஒரு சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு சுல்மீரா கிளம்பினாள்.

முதலில் கித்தேரியா கடை. கித்தேரியா ஜெனிவாலுக்கு ஞானத்தாய், சுல்மீராவுக்குச் சின்ன வயதுத் தோழி. கடையில் உப்பு, மண்ணெண்ணெய், நூல் எல்லாம் உண்டு.

"மதினி, இந்த மெல்லிசு வெள்ள நூல் ஒங்க கடையில யாரு வாங்குனா?"

"கடைன்னா நாலு பேரு வாங்கத்தான் செய்வாவ."

"எவளுன்னு கேக்கேன்."

கித்தேரியா அளந்துகொண்டிருந்த மாவைத் திரும்பவும் முதலிலிருந்து அளந்தாள். "ஒனக்கு மருமவ வாறாளா, இல்ல போலீஸ் வேலைக்கு ஆள் எடுக்கியா? லேஸ் நல்லாருக்கா? நல்லாருக்குல்லா? வாங்கி மாடத்துல அடிச்சிட்டு மூடிட்டுக் கெட."

கூடப் பிறந்தவள்போல் இருந்தவளே மழுப்புகிறாள் என்றால் விஷயம் பெரிசு. சுல்மீரா அங்கிருந்து நேராக ஒட்டிலியா வீட்டுக்குப் போனாள். ஒட்டிலியா மசெயோ சந்தையில் மேசை விரிப்பும் தலையணைக் கரையும் விற்கிறவள், நாக்கில் எலும்பில்லாதவள். சிப்பிக்காரிக்கு மாடக்கரை போட்டு விற்றாயா என்று சுல்மீரா கேட்டதும், ஒட்டிலியா மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு, தன் கை வேலையை வாங்குகிற வசதி சிப்பிக்காரிக்கு இருந்தால் அவள் ஏன் உன் மகனைக் கட்டுகிறாள் என்று கேட்டாள். அடுத்து, ஞாயிற்றுக்கிழமை முதல் ஆளாக வந்து உட்காருவதாகவும், 'யார் கை' என்று சுல்மீரா கேட்கிற சத்தம் கோவில் வரை கேட்கவேண்டும் என்றும் சொல்லி அனுப்பினாள். இப்படியாக ஒரே மழைநாளில் ஊர் முழுக்கச் செய்தி பரவிவிட்டது. பரப்பினது வேறு யாருமில்லை, சுல்மீராவேதான்.

திரும்பி வந்தவள் மகனுடைய தூண்டில் டப்பாவைத் திறந்து பார்த்தாள். ஈயக்குண்டு, வலையூசி, பாதி சுற்றிய நைலான். அடியில் ஒரு துணிச்சுருளுக்குள் மெல்லிசு வெள்ளை நூல்கண்டு. ஆகா, இவன் நூல் வாங்கிக் கொடுத்து, கூலியும் கொடுத்து, எவளையோ வைத்துப் போடச் சொல்லியிருக்கிறான். பெற்ற மகனும் கூட்டு.

மறுநாள் காலை சோளப் புட்டுக்குத் தேங்காய்ப்பால் ஊற்றிக்கொண்டே பேச்சை எடுத்தாள். ஜெனிவால் தட்டைப் பார்த்துக்கொண்டே தின்றான்.

"அவ போட்டதுன்னே நெனச்சுக்கிட்டா ஒங்களுக்கு என்னம்மா கொறஞ்சு போச்சு?"

"வந்துருவான்னு நெனச்சுக்கிட்டுத்தாம்ல ஒங்கப்பன பஸ் ஏத்தி விட்டேன். இராயப்பர் மொகத்தப் பாத்து அந்தப் பிள்ள பொய் சொல்லணும், நான் அதுமேல பூப் போடணும், அப்படித்தான?"

அவன் கையை மேசைக்குக் கீழே இறக்கிக்கொண்டான்.

"நீங்க பூப் போடலேன்னா நாங்க ரெண்டு பேரும் தெக்க, சாவ் பாவ்லோவுக்கே போயிருவோம்மா. அப்பா மாதிரி சொல்லாமப் போவ மாட்டேன். இப்பவே சொல்லிட்டேன்."

பாதிப் புட்டு தட்டில் அப்படியே இருந்தது. அவன் எழுந்து மழையில் இறங்கிவிட்டான். சுல்மீரா அந்தப் புட்டைக் கோழிக்குப் போட்டாள். போட்டுவிட்டு அழுதாள். அழுதாலும் சந்தேகம் கரையவில்லை, ஒருவேளை இதைச் சொல்லிக்கொடுத்து அனுப்பினதே அந்தப் பெண்தானோ என்று இன்னொரு கிளை விட்டது.

சனிக்கிழமை ஓடத்தைக் கூடையில் போட்டுக்கொண்டு, சுருரு வாங்குகிற சாக்கில் அக்கரைக்குப் போனாள். கொட்டகையில் புகை கண்ணைக் கரித்தது. வெள்ளத்துக்குத் தப்பின கொஞ்சம் சிப்பி பழைய எண்ணெய்ப் பீப்பாயில் அவிந்துகொண்டிருந்தது. மரினால்வா தரையில் உட்கார்ந்து, சூடு ஆறுமுன் ஓட்டைப் பிளந்து கட்டைவிரலால் சதையைத் தள்ளிக்கொண்டிருந்தாள். வேலை பார்க்கிற வேகம் என்னவோ பார்க்க நன்றாகத்தான் இருந்தது. அதைச் சுல்மீரா வெளியே சொல்வாளா?

"அத்தை! நனஞ்சுட்டு வந்திருக்கியளே, இப்படி அடுப்புப் பக்கம் வாங்க."

சுல்மீரா ஓடத்தை எடுத்து நீட்டினாள். "ஒரு வளையம் போட்டுக் காட்டு. ஒண்ணு போதும்."

மரினால்வா சுற்றி இருந்த பெண்களைப் பார்த்தாள். கையைக் கழுவினாள், பாவாடையில் துடைத்தாள், நூலை இடது கையில் சுற்றினாள். சுற்றும்போதே நூல் கீறலில் மாட்டிப் பிசிறு எழுந்தது. இரண்டு தரம் ஓடத்தை விட்டாள். முடிச்சு விழவில்லை, நூலில் சிவப்பாக ஒரு பொட்டு விழுந்தது. ஓடத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டாள்.

"எனக்கு வராது அத்தை. படிக்கப் பாத்தேன். கை விடமாட்டேங்கு."

"அப்ப அது யாரு போட்டது?"

"அத மட்டும் கேக்காதிய. வெலைக்கு வாங்கல. களவும் எடுக்கல."

"நாளைக்கு எல்லாரும் வச்சு நான் கேப்பேனே. என்ன சொல்லுவ?"

"கேப்பியளா?"

"கேக்காம?"

மரினால்வா அடுத்த சிப்பியை எடுத்தாள். "கேளுங்க. அங்க வச்சுச் சொல்லுதேன்." சுல்மீரா கேட்காமலே அந்தப் பெண் ஒரு படி சுருரு அளந்து அவள் கூடையில் போட்டாள், காசு வாங்கவில்லை. காசு வாங்காததையும் சுல்மீரா சந்தேகமாகத்தான் எடுத்துக்கொண்டாள்.

தோணியில் திரும்பும்போது நெஞ்சில் ஒரு கெட்ட சந்தோஷம் இருந்தது. கண்டுபிடித்துவிட்டாள், அவளே ஒப்புக்கொண்டுவிட்டாள். நாளைக்கு ஊர் முன்னால் ஓடத்தைத் தூக்கி வைத்துவிட்டு, பூ இல்லை என்று சொல்லிவிடலாம். தோணி நடுக்காயல் தாண்டினபோது அந்தச் சந்தோஷம் கழன்றுபோய், பஸ்ஸின் பின்பக்கம்தான் கண்ணில் நின்றது. ஜன்னலில் மகன்.

வீட்டுத் தண்ணீர் படாத லேஸ் மாடத்தில் ஏறக்கூடாது என்பது முறை. பூப் போட்டாலும் போடாவிட்டாலும் முறையை விடக்கூடாது என்று, ஞாயிறு விடிந்ததும் லேஸைக் கிணற்றடிக்குக் கொண்டுபோனாள். மழை விட்டிருந்தது. வாளித் தண்ணீரில் அமுக்கிப் பிழிந்தாள். கஞ்சி பால்போலக் கரைந்து இறங்கியது. விறைப்பு விட்டு லேஸ் துவண்டது. இரண்டாம் தண்ணீரில் அலசி, துவைக்கிற கல்மேல் விரித்தாள்.

ஒரு பூவில் ஒரு காது திருகிக்கொண்டு நின்றது.

இதைச் சொல்லாமல் கதை நகராது. ஐந்து இதழ்ப் பூவில் ஒவ்வொரு இதழையும் முந்தின இதழின் காதில் கோத்து வரவேண்டும். கடைசி இதழை முதல் இதழோடு கோக்கும்போது மட்டும் பூவைப் பாதியாக மடித்துக் கோக்கவேண்டும். மடிக்காவிட்டால் காது அரைச்சுற்று திருகிக்கொள்ளும். பாவாடை கட்டுகிற வயதில் எல்லாப் பெண்ணும் படித்துவிடுகிற விஷயம். சுல்மீராவுக்கு மட்டும் அது கடைசிவரை கைக்கு ஏறவில்லை. அவள் போட்ட ஒவ்வொரு பூவிலும் ஒரு காது திருகியிருக்கும். கெட்டியாகக் கஞ்சி போட்டு, நகத்தால் அமுக்கி, இஸ்திரியை அழுத்தி வைத்து மறைத்துவிடுவாள். கித்தேரியாவைத் தவிர ஊரில் ஒரு உயிருக்கும் தெரியாது.

அடுத்த பூவைப் பார்த்தாள். திருகல். அதற்கு அடுத்ததும். கரை முழுக்க, பூவுக்கு ஒரு காது, ஒன்று தப்பாமல்.

தன்னைக் கேலி செய்ய எவளோ போட்டிருக்கிறாள் என்றுதான் முதலில் தோன்றியது. கித்தேரியா சொல்லிக்கொடுத்து ஒட்டிலியா போட்டாளோ? புத்தி அப்படித்தான் போயிற்று, பழக்கம். ஆனால் இந்தத் தப்பைச் சொல்லிக்கொடுத்துப் போடவைக்க முடியாது. பக்கத்தில் உட்கார்ந்து, இவள் கையையே பார்த்து, இதுதான் சரி என்று நம்பின கைக்குத்தான் இப்படி வரும். இவள் கையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது யார்? இந்த மாதிரி ஒரு மழைக்காலத்தில், காயலில் உப்பு செத்துக் கிடந்தபோது, நாள் முழுக்க எதிரே சம்மணமிட்டு உட்கார்ந்திருந்த பயல் ஒருவன்தான். அவன் ஒரு பூப் போட்டும் காட்டினான். அவன் அப்பன் அதைப் பிடுங்கித் தெருவுக்குக் கொண்டுபோய், எனக்குப் பெண்பிள்ளை பிறந்திருக்கிறது பாருங்கள் என்று ஒவ்வொருத்தனிடமாகக் காட்டினான். தெருவே சிரித்தது. சுல்மீராவும் சிரித்தாள். புருஷனோடு சேர்ந்து சிரிக்கிற வாய்ப்பு அவளுக்கு எப்போதாவதுதான் கிடைக்கும். பயல் அதற்குப் பிறகு ஓடத்தைத் தொடவே இல்லை என்றுதான் அவள் நினைத்துக்கொண்டிருந்தாள்.

டப்பாவில் இருந்த நூல்கண்டு, மேசைக்குக் கீழே போன கை, கித்தேரியாவின் மழுப்பல் எல்லாம் ஒவ்வொன்றாக வந்து அதது இடத்தில் உட்கார்ந்தன. அக்கரைப் பெண் யாருடைய மானத்தைக் காப்பாற்ற வாயைக் கட்டிக்கொண்டிருந்தாள் என்பதும் விளங்கியது. கிணற்றுக் கல்லில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். இவ்வளவு வருஷம் விரலை விட்டு ஊரையே சோதித்தவள், வீட்டுக்குள் இருந்த பிள்ளையைப் பார்க்கவில்லை. வெட்கம் பிடுங்கித் தின்றது.

லேஸுக்குக் கஞ்சி போடவில்லை. ஈரத்தைத் துணியில் ஒற்றி, அப்படியே நிழலில் போட்டாள்.

மத்தியானம் பெண்கள் வந்தார்கள். சொன்னபடி ஒட்டிலியா முதல் ஆள், முன்வரிசை. தேங்காய்ச் சோளக்கூழ் கிண்ணம் கிண்ணமாகப் போயிற்று, ஆனால் யாரும் கூழுக்காக வரவில்லை. மரினால்வா மாடத்தின் கீழே நின்றாள், நல்ல பாவாடை, கையைப் பின்னால் கட்டியிருந்தாள். ஜெனிவால் வாசலில் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றான். அவள் பொய் சொல்வாளா, உண்மையைச் சொல்வாளா என்று அவனுக்கே தெரியாது போலிருந்தது.

சுல்மீரா லேஸைக் கையில் எடுத்தாள். கூழ்க் கரண்டிகள் நின்றன.

"கேளேன்" என்றாள் ஒட்டிலியா. "கோவில் வர கேக்கணும்."

மரினால்வா சுரூபத்தை நிமிர்ந்து பார்த்தாள். வாய் திறக்கப் போனாள்.

"நீ சொல்ல வேண்டாம்" என்றாள் சுல்மீரா. "இது நான் போட்டது."

யாரோ கூழ்க் கிண்ணத்தைக் கீழே வைத்தார்கள். ஒட்டிலியா எழுந்தே விட்டாள்.

"நீ போட்டதா? அப்ப என் வீட்டு வாசல்ல வந்து நின்னு கத்துனது ஒன் பேயா?"

"கிறுக்குத்தான் எனக்கு. அவ கை சிப்பி அறுத்த கை, போட வராது. நான் போட்டுக் குடுத்தேன். குடுத்துட்டு, ஒண்ணும் தெரியாத மாதிரி ஊர் சுத்துனேன். அவ வாயத் தொறந்து சொல்லுதாளான்னு பாக்கணும்னு. எனக்கு யாரத்தான் நம்பத் தெரியும்?"

"பொய். இப்பிடி மிருதுவா ஒனக்கு எப்ப வந்துச்சு?"

சுல்மீரா லேஸை ஒட்டிலியாவின் மூக்குக் கண்ணாடிக்கு நேரே விரித்துப் பிடித்தாள். "காதப் பாரு. பூவுக்கு ஒண்ணு திருகியிருக்கு பாத்தியா? கஞ்சி இல்லாம பாரு. கடைசி எதழ மடிச்சுக் கோக்க எனக்கு இன்னிக்கு வரை தெரியாது. இத்தன வருசமா அமுக்கித் தேச்சு ஒங்க எல்லாரையும் ஏமாத்திட்டிருக்கேன். இந்தக் காயல்கரையில காது திருகுற கை எவளுக்கு இருக்கு, சொல்லு?"

லேஸ் கைமாறிக் கைமாறிப் போயிற்று. ஒவ்வொருத்தியும் விரலால் காதைத் தொட்டுப் பார்த்தாள். யாரோ முதலில் சிரித்தார்கள், பிறகு அறை முழுக்கச் சிரித்தது. சின்னப் பெண்கள்கூடச் சிரித்தார்கள். சுல்மீராவுக்குக் காது மடல்வரை சூடேறியது. கித்தேரியா மட்டும் சிரிக்கவில்லை, தலைத்துணியால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

"பொண்ணு போடாத கரைய எந்த மாமியா ஏத்தியிருக்கா?" என்றாள் ஒட்டிலியா, விடாமல்.

"கேக்க வேண்டியவ நான். எனக்குத் திருப்தி. ஒனக்கு இல்லேன்னா கூழக் குடிச்சிட்டுப் போ."

ஓடத்தை எடுத்துக் கடைசிப் பூவைப் போட உட்கார்ந்தாள். இதழ் இதழாகக் கோத்து வந்து, கடைசியில் வழக்கம்போல மடிக்காமலே கோத்து இழுத்தாள். காது திருகியது. வரிசையில் வைத்துப் பார்த்தால் எது அவள் பூ, எது மற்றது என்று ஒருவராலும் சொல்ல முடியாது. மரினால்வா குனிந்து அவள் கையில் முத்தம் வைத்தாள். அந்தக் கீறல் விரல்கள் சுல்மீராவின் விரலைக் கொஞ்ச நேரம் விடவில்லை.

பெண்கள் போன பிறகும் தெருவில் சிரிப்புச் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. நாளைக்குச் சந்தைக்கும் போகும். இனி ஓடத்தோடு வாசலில் உட்கார்ந்தால் போகிறவள் வருகிறவள் எல்லாம் காதைப் பற்றிக் கேட்பாள்.

ஜெனிவால் முக்காலியில் ஏறி, மாடத்து விளிம்பில் லேஸை வைத்து ஆணி அடித்தான். அம்மாவைத் திரும்பிப் பார்க்கவில்லை.

"நேரா இருக்காம்மா?"

"எடது பக்கம் கொஞ்சம் தூக்கு."

தூக்கினான். ஆணியை வாயிலிருந்து எடுத்தான்.

"நடுவுல ரெண்டு பூ இறுகிப் போயிருக்கு" என்றாள் சுல்மீரா, கிண்ணங்களைப் பொறுக்கிக்கொண்டே. "இனிமே தோணியில ஒளிஞ்சு உக்காந்து போடாத. இங்கன ஜன்னல்ல வெளிச்சம் நல்லா இருக்கு."

சுத்தியல் சத்தம் நின்றுபோயிற்று.